செலவுச் சீட்டுடன் இணைக்க

மாநாட்டில் என்ன கற்றாய், ஐந்து வரி போதும்
என்கிறது ரெட்டோவின் மின்னஞ்சல்.
ரயில் கட்டணம் முப்பத்தாறு பிராங்க்.
நுழைவுச்சீட்டு நிறுவனக் கணக்கு.
காப்பி இலவசம். இதிலேயே மூன்று வரி போயிற்று.

பீல் நகரில் எல்லாவற்றுக்கும் இரண்டு பெயர்.
ஜெர்மனில் சொல்லி வாய் மூடுமுன்
பிரெஞ்சில் தொடங்கிவிடுகிறது நிலைய ஒலிபெருக்கி.
ஏரி எந்தப் பக்கம் என்று கேட்டேன்.
"இன்று இல்லை" என்றார் தள்ளுவண்டிக்காரர்.
மூடுபனி அப்படி.

ஒரு காலத்தில் கடிகாரம் செய்த கூடம்;
முதல் உரை இருபது நிமிடம் தாமதம்.
அடுத்த ஆண்டின் இணையத்தைப் பற்றி ஒருவர் பேசினார்,
இந்த ஆண்டின் இணையம் வரும்வரை காத்திருந்து.
கேள்வி நேரத்தில் தாடிக்காரர் ஒருவர் எழுந்து
"இது கேள்வி அல்ல" என்று தொடங்கி
கடைசிவரை வாக்குத் தவறவில்லை.

மூன்று மணிக்கு ஓதில் பெரே.
வெள்ளைக் கைத்தடியை மேசையோரம் சாய்த்துவிட்டு
திரையை அணைக்கச் சொன்னார், விளக்குகளையும்.
"இனி எல்லாருக்கும் ஒரே காட்சி."
சிரித்தோம். இருட்டில் சிரிப்பு யாருடையது என்று தெரிவதில்லை.
பிறகு ஒரு குரல்,
ஏலக்காரன் மூச்சுவிடாமல் விலை அடுக்குவதுபோல்.
அந்த வேகத்தில்தான் அவர் செய்தி படிக்கிறார்,
வங்கிக்குப் போகிறார், தங்கையோடு சண்டை போடுகிறார்.
நமக்காகக் குறைத்தார். இன்னும் கொஞ்சம் குறைத்தார்.
"இந்த மாநாட்டுக்கு நான் சீட்டு வாங்கிய கதை."

பொத்தான்.
பொத்தான்.
பொத்தான்.
பொத்தான், மங்கியது.
பொத்தான்.

இரண்டாவதற்குக் கூடம் சிரித்தது.
நான்காவதற்குப் பாதிக் கூடம்.
ஐந்தாவதற்கு ஒரு நாற்காலி மட்டும் கிறீச்சிட்டது.
என்னுடையது.

அந்தப் பக்கத்தைக் கட்டியவள் நான்.
ஏப்ரல், வெள்ளிக்கிழமை, பிற்பகல்.
கூட்டல் குறி, கழித்தல் குறி, குட்டிக் கூடை,
எல்லாம் வட்ட வட்டமாய், மென்னிழலோடு.
பெயர் வைக்க மறந்துவிட்டேன்.
மறந்தேன் என்பதும் பொய்.
"பிறகு" என்று அருகில் ஒரு குறிப்பெழுதி
என் முதலெழுத்தையும் போட்டிருந்தேன்.
சட்டைப் பொத்தானுக்குக்கூடத்
தனக்கென்று ஒரு துளை உண்டு.

ஓதில் யாரையும் திட்டவில்லை.
எதை அழுத்தினால் எது நடக்கிறது என்று
நாற்பது நிமிடத்தில் பிடிபட்டதாம்.
ஒரு சீட்டுக்கு நான்கு வந்ததாம்.
"ஆகவே மூன்று நண்பர்களையும் இழுத்து வந்தேன்."
முன்வரிசையில் மூவர் எழுந்து வணங்க
கைத்தட்டல் அடங்கவில்லை.

இடைவேளையில் கேக் வரிசையில்
அவருக்குப் பின்னால் நின்றேன்.
சொல்லிவிட வாய் திறந்தேன்.
அவர் திரும்பி, "வால்நட்டா, ஆப்பிளா?" என்றார்.
வால்நட் என்றேன்.
இந்தக் குரலை ஞாபகம் வைத்துக்கொள்வாரோ
என்ற பயத்தோடு தின்றேன். நல்ல கேக்.

குழுப்படத்தில் ஓரமாக நின்றேன்.
கழுத்து அட்டையில் தர்மிகா இளையதம்பி,
ஓரெழுத்தும் உதிராமல்.
யாரோ கவனமெடுத்து அடித்திருக்கிறார்கள்.

ஐந்தே முக்கால் ரயில். பனிக்குள்
கிரென்சன் வந்தது, வந்ததாகச் சொன்னார்கள்.
மடிக்கணினியைத் திறந்தேன்.
*ஒரு சீட்டு கூட்டு. ஒரு சீட்டு குறை. கூடையைத் திற.*
மாநாடு முடிந்தாயிற்று;
அந்தக் கதவை இனி யார் தட்டப்போகிறார்கள்?
ஆனாலும் காதில் கருவி மாட்டி, கண்ணை மூடி,
முழுப் பக்கத்தையும் ஒருமுறை நடந்து பார்த்தேன்.
முட்டிக்கொண்டேன். திருத்தினேன். மறுபடி நடந்தேன்.
தூங்குகிறேன் என்று நினைத்து
எதிர் இருக்கைப் பெண்மணி
ஓல்டனில் தோளைத் தட்டி எழுப்பினார்.

ரெட்டோ, ரசீதுகள் இணைப்பில்.
இதே பொத்தான் நம்முடைய வேறு பன்னிரண்டு பக்கங்களில் இருக்கிறது.
திங்கட்கிழமை எனக்கு வேறு வேலை தராதே.
ஓதில் பெரேக்கு மூன்று சீட்டின் பணம் திரும்பிப் போக வேண்டும்.
காரணம் என்ற கட்டத்தில் என் முழுப்பெயரை எழுது.