வேர் சிகிச்சை

மரிபோரில் பனி சேறாகும் மார்ச்.
கன்னம் வீங்கி உட்கார்ந்திருக்கிறேன்.
மூலையில் பீஸ் லில்லி,
இலையெல்லாம் மஞ்சளாகித் தலை தொங்கி,
என்னைவிட மோசம்.

தாகம் என்றே எல்லோரும் நினைத்தோம்.
தரை துடைக்கும் மில்கா காலையில் ஒரு குவளை,
வரவேற்பில் இருக்கும் நேஜா மதியம் ஒன்று,
முறை வந்து எழுந்தவர்கள்
குடித்து மீந்ததை.
போன வாரம் நானும்.

டாக்டர் ப்ரீமோஷ் மண்ணில் விரல் விட்டார்,
முகர்ந்தார்.
"யார் இதற்குத் தண்ணீர் ஊற்றுவது?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை,
வாய் திறக்கவே வந்திருந்தும்.

செய்தித்தாள் விரித்துத் தொட்டியைக் கவிழ்த்தார்.
கூழாய்க் கறுத்த வேர்கள்.
ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால்
வெள்ளை தெரியும்வரை நறுக்கினார்.
பிளாஸ்டிக் தொட்டி, அடியில் ஓட்டையே இல்லை.
பழைய டிரில்லை எடுத்து வந்து மூன்று போட்டார்.
அந்தச் சத்தத்துக்கு
எதிரே இருந்த பையன் அம்மாவைப் பிடித்துக்கொண்டான்.

மிஞ்சியது நான்கு இலை.
"பத்து நாள் யாரும் பக்கத்தில் போகக்கூடாது."

பிறகு கை கழுவி என்னை அழைத்தார்.
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து,
"உங்களுக்கும் அங்கேதான்" என்றார்.

வெளியே வரும்போது
கையில் அரைக் கோப்பைத் தண்ணீர்.
மூலையைப் பார்க்காமல் நானே குடித்தேன்.
மரத்த உதடு,
பாதி சட்டையில்.