எடைச்சீட்டு

கை பொறுக்கும் சூடு போதும்.
கொதிநீர் பட்டால்
தோட்டின் கல்லுக்கடியில் பசை இளகும்.
இளகி விழுந்த சிவப்புக் கல்லை
பீடோங் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

பாத்திரம் கழுவும் எலுமிச்சைச் சவர்க்காரம்
மூன்று சொட்டு.
நான்காவது, என் கை நடுக்கம்.

தொட்டியில் கழுவுவதில்லை நான்.
ஒருமுறை திருகாணி ஒன்று குழாய்க்குள் இறங்க,
நள்ளிரவில் குணாளன் தரையில் படுத்து
சாக்கடையோடு சண்டை போட்டான்.
அன்றிலிருந்து
மீ கோரேங் வாங்கிவந்த பிளாஸ்டிக் டப்பாதான்
எங்கள் நகைக்குளம்.

கால் மணி நேரம் ஊறட்டும்.
அதுவரை அழுக்கை வாசிக்கலாம்.

மோதிர இடுக்கில் வெள்ளையாய்க் காய்ந்திருப்பது
விடிகாலை நான்குக்கு
நாசி லெமாக்குக்குப் பிழிந்த தேங்காய்ப்பால்.
அதன்மேல் ஒரு செம்புள்ளி, சம்பல்.
குணாளன் காப்பில்
செம்பனை ஆலையின் கிரீஸ்;
முதல் முழுக்குக்கு மசியாது அது.
மகள் தோட்டில் ஷாம்பு, முகமாவு,
பள்ளிப் பேருந்து ஜன்னலோரப் புழுதி.
சங்கிலியில் மட்டும்
எல்லாம் கலந்து கிடக்கிறது:
மஞ்சள், வியர்வை, கோடாலித் தைலம்,
அடுப்பு நீராவி,
பெயர் தெரியாத இன்னொன்று.

மகன் பாலர் பள்ளியில் வாங்கிய பல்துலக்கி,
பிடியில் மஞ்சள் வாத்து.
அவன் பாலிடெக்னிக் போகும் ஆளாகிவிட்டான்;
வாத்து இன்னும் கண்ணி கண்ணியாய்
மேய்ந்துகொண்டிருக்கிறது.
அழுத்தித் தேய்த்தால் தங்கம் கோபித்துக்கொள்ளும்.
பற்பசை கூடாது. அது அரம்.

முத்துக் கம்மலை நனைக்கவில்லை.
காய்ச்சல் பிள்ளைக்குச் செய்வதுபோல்
ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டேன்.

"நாளைக்கு அடகு வைக்கப் போறதை
யாராச்சும் இன்னிக்குக் குளிப்பாட்டுவாங்களா?"
வாசலில் நின்று கேட்கிறான் குணாளன்.

என் கழுத்தின் ஊத்தையை
உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து
இன்னொருத்தி பார்க்க வேண்டாம்.
சொல்லவில்லை.
"தள்ளு, வெளிச்சத்தை மறைக்கிற" என்றேன்.

தேர்தலுக்கு எவரோ தந்த சட்டையில் துவட்டினேன்.
எழுத்தெல்லாம் உதிர்ந்துவிட்டது;
துணி நல்ல துணி.

தாலியை மஞ்சள் கயிற்றுக்கு மாற்றினேன்.
சங்கிலி தனியே, புதிதாய்,
யாருடையதோபோல் மின்னியது.
கலங்கிய நீரை
பாண்டான் செடியின் காலில் ஊற்றினேன்.

மறுநாள்,
அடகுக்கடைத் தராசு அதிகம் பேசாது.
நோர்லைலாதான் பேசினாள்.
போன வருடச் சீட்டில்
பதினாறு புள்ளி ஒன்று ஒன்று.
இன்று
பதினாறு புள்ளி சுழியம் எட்டு.
"தேய்ந்துவிட்டதா, காக்?"
அவள் குரலில் துக்கம் விசாரிக்கும் தணிவு.

தேயவில்லை, பெண்ணே.
குளித்தது.

வாசலுக்கு வந்து கணக்குப் போட்டேன்.
குறைந்த எடைக்குக் குறைந்த கடன்
எட்டு ரிங்கிட்.
நாலு பொட்டலம் நாசி லெமாக்.
அப்படியென்றால்
போன வருடம் என் அழுக்குக்கும் சேர்த்து
கடன் தந்திருக்கிறார்கள்.
மாதம் தவறாமல்
அதற்கும் வட்டி கட்டியிருக்கிறேன்.

பேருந்து நிறுத்தத்தில்
தனியே நின்று சிரித்தேன்.
பக்கத்திலிருந்த சீனத்தி
தன் பையைச் சற்று நகர்த்திக்கொண்டாள்.

வீட்டில்,
மேசைமேல் மறந்துவிட்ட இன்னொரு கிண்ணம்.
அலுமினியத் தாள், சோடா மாவு,
எப்போதோ ஆறிப்போன வெந்நீர்.
தாள் கருத்துக் கிடந்தது.
அதன்மேல் மகளின் கொலுசு
பால்பல்போல் வெளுத்திருந்தது.

வெள்ளியை அந்தக் கடையில் வாங்குவதில்லை.
எடுத்து உதறினேன்.
பதினோரு மணி.
அலறத் தொடங்கிய ஆலைச் சங்கு முடியும்வரை
கொலுசு சத்தம்
எனக்கே கேட்கவில்லை.