முப்பத்து நான்குக்கு ஏழு

தொண்ணூறு அடிக் கயிறு.
உடைத்து விற்ற இழுவைப் படகு ஒன்றில் மிஞ்சியது.
ஞாயிறுதோறும் நூற்றிருபத்தேழாம் பிரிவுக்கு
லொரெட்டா பிஸ்குப்பின் தோளேறி வரும்.
வாயிற்காவலர் அவள் பையைத் துழாவுவார்,
தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்,
கயிற்றுக்கு மட்டும் தொப்பியைத் தொடுவார்.

எங்கள் அணிக்கு டக்போட்ஸ் என்று பெயர்.
மலைபோன்ற கப்பல்களைத் துறைமுகத்துக்கு இழுக்கும்
சுண்டைக்காய்ப் படகுகள்.
பெயர் வைத்த புண்ணியவானுக்குத் தெரிந்திருக்காது,
ஆண்டு தவறாமல் நாங்கள்
அடுத்த அணியைத்தான் கோப்பைவரை
இழுத்துக்கொண்டுபோய் விடுவோம் என்று.

விதி ஒன்றே ஒன்று:
டச்டவுன் விழுந்தால்தான் முடிச்சு அவிழும்.
அவிழ்ந்தால் கயிறு படிப்படியாய் மேலேறும்
பல்மருத்துவர் கை, பேருந்து ஓட்டுநர் கை,
கடுகு அப்பிய சிறுவன் கை.
என் டிராம்போன் இரண்டு சுரம் தரும்,
பிறகு எல்லாத் தொண்டையும் ஒரே தொண்டை:

இழு, ஏய், இழு!
ஏரி உறைந்தாலும் இழு!

பாட்டு அவ்வளவுதான்.
சரணம் ஒன்று உண்டு என்பார்கள்.
அதற்குள் எதிரணி திருப்பி அடித்துவிடும்.

ஃபீல்ட் கோலுக்கு அவிழ்த்தால் என்ன என்று
ஒருமுறை கேட்டான் ஒட்டாவியோ.
மூன்று வாரம் அவனுக்கு யாரும்
சாசேஜ் கொடுக்கவில்லை.

இந்த டிசம்பரில்
அவிழாத முடிச்சுக்கு வயது நான்கு ஆட்டம்.
ஐந்தாவது அன்று ஈரி ஏரி
தன் காற்றை முழுவதும் எங்கள் மேல் கொட்டியது.
ஊதுவாயை அக்குளில் வைத்துச் சூடேற்றினேன்.
ஒட்டாவியோவின் முகத்து நீலச்சாயம்
கோடைக் குளம்போல வெடித்திருந்தது.
எங்கள் குவார்ட்டர்பேக் எறிந்த பந்துகளில்
இரண்டை எதிரி பிடித்தான்,
ஒன்றைக் காற்று.
முப்பத்து நான்குக்குச் சுழி.
லொரெட்டா மடியில் கயிறு
உறைந்து, குளிருக்குச் சுருண்ட நாயாய்க் கிடந்தது.

கார் நிறுத்தத்தில்
அடுப்புக் கரியைப் பனியில் கவிழ்த்துக்கொண்டிருந்தோம்.
புஸ்ஸென்று ஆவி; அதுவும் எங்களைக் கேலி செய்வதுபோல்.
அப்போதுதான் கேட்டது,
சக்கரம் சும்மா சுற்றி அழும் சத்தம்.
சிவப்பு வேன்.
கண்ணாடியில் எதிரணிக் கொடி.
உள்ளே தொப்பியைக் கழற்றி ஒளித்துக்கொண்ட ஒரு மனிதர்,
பின்னிருக்கையில் தூங்கும் இரண்டு குழந்தைகள்.

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
தள்ளிப் பார்த்தோம். வழுக்கி விழுந்தோம்.
எழுந்தபோது
லொரெட்டா பல்லால் முடிச்சைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"விதி?" என்றான் ஒட்டாவியோ.
"குழந்தைகள் தூங்குது" என்றாள்,
அது பதில் என்பதுபோல.

கொக்கியில் ஒரு முனை,
மறுமுனையில் பதினோரு பேர்.
அணிக்கும் பதினோரு பேர்தான்,
அதைப் பிறகுதான் எண்ணினேன்.
முதல் இழுப்பில் வேன் அசையவில்லை.
இரண்டாவதில் யாரோ முனகினார்கள்.
மூன்றாவதில் அந்த முனகல்
சொல்லாகிவிட்டது.

இழு, ஏய், இழு

வெட்கத்தோடு தொடங்கி வெட்கம் கெட்டு,
மூன்று வரிசை தள்ளி நின்ற அந்நியரும் ஓடிவந்து பிடித்து,
ஏரி உறைந்தாலும் இழு
வேன் பள்ளத்திலிருந்து எழும்பி வந்தது.
சன்னலை இறக்கி அந்த மனிதர்
உதட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தார்.
எங்களை வெறுத்து வெறுத்தே
மனப்பாடமாகியிருக்கிறது அவருக்கு.
அவர் பாடியதில் இன்னும் நாலு வரி இருந்தது.
சக்கரச் சத்தத்தில் பிடிபடவில்லை.

ஒட்டாவியோ குனிந்து
பனியைக் காலால் கீறினான்.
அடியில் மஞ்சள் கோடு.
முன்சக்கரம் கோட்டைத் தாண்டியிருந்தது.
ஒன்றும் பேசாமல்
இரண்டு கையையும் நேரே வானுக்கு உயர்த்தினான்,
நடுவரைப்போல.

திங்கள் செய்தித்தாளில் முப்பத்து நான்குக்குச் சுழி.
அவர்களுக்கு என்ன தெரியும்.
எங்கள் கணக்கில் ஆறு சேர்ந்தது.
வேன் கிளம்பும்போது லொரெட்டா
பின்டயரை ஓர் உதை விட்டாளே,
அதையும் சேர்த்தால் ஏழு.
சேர்க்கலாமா என்பதில்தான்
இன்னும் சண்டை ஓயவில்லை.