அரைப்பேர்

மஸ்கெலியா ஆஸ்பத்திரியில்
யாழ்ப்பாணத்து டொக்டர் பிள்ளை
துண்டில் என்னவோ எழுதிக்கொண்டே சொன்னது:
"ஐயாவுக்கு அறளை பெயர்ந்திட்டுது அம்மா."

என் காதில் விழுந்தது
அரைப்பேர்.

சரிதான் என்று தலையாட்டினேன்.
பதினெட்டில் ஒரு கிலோ குறைந்தாலும்
அரைப்பேர் போடுகிற மலையில்
முப்பத்தொரு வருசம் கொழுந்தெடுத்தவளுக்கு
இது புரியாத சொல்லா?
ஆள் முழுசாக நிற்கிறார்,
செக்ரோலில் பாதிதான் விழுகிறது.

வாசலில் வைத்து நர்ஸ் திருத்தினாள்.
அறளை. வேற "ற".
அப்படியென்றால் என்னம்மா?
"வயசானா வாறது."
வாறது தெரியும், மகள்.
பெயர்ந்து போகுதே அந்த அறளை,
அது இத்தனை நாளும்
உடம்பில் எங்கே இருந்தது?

தைரியநாதன் மாஸ்டர் அகராதியை எடுத்தார்.
பெயர்தலுக்கு அரைப் பக்கம்.
அறளைக்கு ஒன்றரை வரி.
நோய் என்றது, தொல்லை என்றது,
எங்கிருந்து வந்த சொல் என்று போடவில்லை.
"நம்மள மாதிரிதான்,
வந்த கப்பல் பேர் தெரியாது" என்று
மூடி வைத்தார்.

பெயர்தல் எனக்குத் தெரியும்.
மழைக்குக் காரை பெயரும்.
கிழட்டுத் தேயிலைத் தூரைப் பெயர்த்து
விறகுக்குக் கொண்டுவருவோம்.
அணை கட்டினபோது பழைய டவுனே பெயர்ந்தது;
தண்ணி வற்றினால் கோயில் மட்டும்
யாரோ கூப்பிட்ட மாதிரி தலையை நீட்டும்.

இவருக்கும் சில காலை அப்படி விடியும்.
"பவளம், தேத்தண்ணியில சீனி கூட" என்பார்.
அன்றைக்கு எனக்கு முழுப்பேர்.

மற்ற நாளெல்லாம் நான் பியதாச.
கொழுந்து லொறியில் இவரோடு
எட்டே மாசம் போன கிளீனர் பொடியன்.
முதலில் கோபம்தான் வந்தது.
பொய் சொல்வானேன், இப்பவும் வரும்.

நேற்று ராத்திரி கட்டிலில் உட்கார்ந்து
இல்லாத ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தபடி
"பியதாச, பின்னால பள்ளம். பார்த்துச் சொல்லு."
கழுத்தெல்லாம் வேர்வை.
எழுந்து போய்
லயத்துச் சுவரில் ரெண்டு தட்டு தட்டினேன்.
வரலாம். வரலாம். இன்னும் கொஞ்சம்.
பக்கத்துக் காம்பிராவில் யாரோ இருமினார்கள்.
ஹரி, ஹரி என்றேன்.

நிறுத்தினார்.
சாவியைக் கழற்றி என் கையில் தந்துவிட்டுப் படுத்தார்.
வெறுங்கையை மூடிக்கொண்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு அதைத்
தலகாணிக்குக் கீழே வைத்தேன்,
காலையில் தேடுவார்.