சுண்ணாம்புக் கோடு

சோணாங்குப்பத்து மணலில்
வீட்டை முழு அளவில் வரைந்தேன்.
முந்நூற்று இருபத்தைந்து சதுர அடி
அரசு தந்தது. சுண்ணாம்பு என் கைக்காசு.

அஞ்சலாட்சி அக்கா
தலையில் அன்னக்கூடையோடு
கோட்டில் நான் விட்டிருந்த
வாசல் வழியாகத்தான் வந்தாள்.
அடுப்படியில் திரும்பினாள்.
கூடையின் விளிம்பு
பக்கத்து வீட்டுக்குள் போயிற்று.

"இன்னொரு தரம் திரும்பட்டா, போதுமா?"

தேசிங்கு எஞ்சினைத் தோளில் சுமந்துவந்து
படுக்கையறை என்று எழுதியிருந்த இடத்தில் சாய்த்தார்.
கடன் இன்னும் பதினாலு தவணை.
வெளியே விட்டால் யார் தூங்குவது?

பிறகு வலை. பிறகு ஐஸ்பெட்டி.
பிறகு மகள் செண்பகம்
ப்ளஸ் டூ புத்தகத்தோடு
மிச்ச மூலையைத் தேடிப் பார்த்துக்
கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

யாரும் திட்டவில்லை.
டீ கொடுத்தார்கள்.

நடுச்சுவரைச் செருப்பால் அழித்தேன்.
மாடிப்படிக்கு அடியில்
நாலு வீட்டு எஞ்சினுக்கும் ஒரு கொட்டடி, பூட்டோடு.
பால்கனியை எடுத்துவிட்டு
நடையை ஆறடியாக்கினேன்.

மஞ்சக்குப்பத்து ஆபீசிலிருந்து
கோப்பு திரும்பி வந்தது:
நடை ஏன் ஆறடி? காரணம் தருக.

பச்சை மை என்னிடம் இல்லை.
பென்சிலால் எழுதினேன்:

அன்னக்கூடை இரண்டரை அடி.
எதிரே இன்னொருத்தி வருவாள்.