பதினொன்று நாற்பதுக்குச் சாகிறவன்

பதினொன்று நாற்பதுக்கு நான் சாகவேண்டும்.
அட்டவணை அப்படித்தான் சொல்கிறது:
முதல் பீரங்கி, இரண்டாம் பீரங்கி,
இடப்பக்கத் துடுப்புக்காரன் ஒருவன் விழுகிறான்.
ஒருவன்.
பழைய பதிவேட்டிலும் அவனுக்குப் பெயர் இல்லை.

மற்ற நாட்களில் பள்ளிப் பேருந்துகளுக்கு
பிரேக் மாற்றுகிறவன் நான்.
அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மட்டும்
கம்பளிக் கால்சட்டை அரிக்க அரிக்க
ஷாம்ப்ளேன் ஏரியில்
இன்னும் பிறந்து முடியாத ஒரு நாட்டுக்காகத் தோற்கிறேன்.

படகு ஓக் மரம்.
பழைய அளவுகள், பழைய பிழைகள்.
அன்று பச்சை மரத்தில் அவசரமாய் அறைந்தார்களாம்;
ஆகவே இதுவும் ஒழுகட்டும் என்று விட்டுவிட்டது குழு.
மொண்டு ஊற்றுகிறோம்.
பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காரும் கொரீன் தேஸோத்தெல்
நீண்ட கோலால் மருந்து கெட்டிக்கிறாள்.
குண்டு கிடையாது, சத்தம் உண்டு.

எதிரே சிவப்புச் சட்டைகள்.
பாதிப் பேர் மான்ட்ரியாலிலிருந்து நேற்றே வந்து
எங்கள் வீடுகளில் தூங்கியவர்கள்.
அவர்களுடைய தளபதி
என் சோபாவில் குறட்டை விட்டவன்.

பதினொன்று இருபத்தெட்டு.
கார் ஏற்றும் பெரிய படகு ஊதிக்கொண்டு வருகிறது.
போரை நிறுத்துகிறோம்.
இரு தரப்பும் துடுப்பை நிமிர்த்தி வழிவிடுகிறோம்.
மேல்தளத்தில் ஒரு குழந்தை கையசைக்கிறது,
யாருக்கென்று தெரியவில்லை.
இரண்டு ராணுவங்களும் கையசைக்கின்றன.

பிறகு செத்தேன்.
அடிப்பலகையில், முதுகெலும்பு வரை ஏறும் தண்ணீரில்.
கண்ணை மூடாதே என்று சொல்லியிருந்தார்கள்.
வாத்துகள் தெற்கே போயின.
என் துடுப்பையும் சேர்த்து வலித்த எவரெட் லபௌண்டி
என்னைத் திட்டினான், நிஜமாகவே:
செத்தவன் காலை மடக்கிச் சாகக்கூடாதா?

தோல்விக்கு அடுத்த இரவை மட்டும்
நாங்கள் நடிப்பதில்லை.
துடுப்புக்குத் துணி சுற்றி, மூடுபனிக்குள்,
எதிரியின் விளக்குகளை உரசினாற்போல்
நழுவிப்போன இரவு.
கண்ணுக்குத் தெரியாததற்கு யார் டிக்கெட் எடுப்பார்?
காப்பீட்டுக்காரரும் ஒப்பவில்லை.

ஆனால் நான்கு மணிக்கு, கரை திரும்பும் வழியில்,
பனி தானாக இறங்கியது.
கரை போனது. கொடி போனது.
கொரீன் பிடித்திருந்த கோலின் மறுமுனை போனது.
எங்கிருந்தோ சிவப்புச் சட்டைகள் கூப்பிட்டார்கள்,
பதவி இல்லாமல், வேஷம் இல்லாமல்:
எவரெட்! கொரீன்!
பிறகு என் பெயர்.
தெரிந்த தொண்டைதான். இரவெல்லாம் கேட்டது.

பதில் சொல்ல வாய் திறந்தேன்.
எவரெட் ஒன்றும் பேசாமல்
தன் காலுறையைக் கழற்றி
துடுப்பு உரசும் இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தான்.
கொரீன் கழுத்துத் துணியை அவிழ்த்தாள்.
இருவரும் என்னைப் பார்க்கவில்லை.
என் காலுறை ஈரம். பிழிந்தேன்.

இன்னொரு முறை என் பெயர்,
இம்முறை கொஞ்சம் பதறி, மிக அருகில்.

துடுப்பு தண்ணீருக்குள் இறங்கியது
எனக்கே கேட்கவில்லை.