ஒன்றரைச் சுற்று

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கொட்டகையில் ஸ்பானரைத் தொட்டால்
தோலையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும்.
அதனால் கார்புரேட்டரைக் கழற்றி
துண்டில் சுற்றி அடுக்களைக்குள் கொண்டுவந்தேன்,
பனிக்காலத்தில் பிறந்துவிட்ட கன்றைக் கொண்டுவருவதுபோல.

கார்த் எதுவும் சொல்லவில்லை.
அடுப்பை அணைத்தான்.
பீட்ரூட் சூப்புக்கு மூடி போட்டான்.

அறுபத்திரண்டாம் வருடத்து டிரக்.
வாசில் ஹ்லாடுன் செத்தபின் நடந்த பண்ணை ஏலத்தில்
நானூறு டாலர்,
இருக்கைக்குள் குடியிருந்த எலிகள் இலவசம்.
நான் கையைத் தூக்கியபோது
கார்த் டிரக்கைப் பார்க்கவில்லை,
என் கையைத்தான் பார்த்தான்.

மூடியில் ஏழு திருகுகள்.
ஆறு சொன்ன பேச்சைக் கேட்டன.
ஏழாவதற்கு எண்ணெய் விட்டு
ஒரு தூக்கம் போட்டுவிட்டு வந்தேன்.

கிண்ணத்தின் அடியில் பழைய பெட்ரோல்
பாகு முறுகியதுபோல் ஒட்டிக்கிடந்தது,
நடுவில் ஒரு கோதுமை உமி.
பித்தளை மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டினேன்.
உள்ளே சத்தமில்லை. ஓட்டையில்லை.
பம்பின் தோல் வளையம் மட்டும்
வற்றிச் சுருண்டிருந்தது.
அதை எண்ணெய்க் கிண்ணியில் ஊறப்போட்டேன்.

ஜெட்டின் துளைக்குள் ஒரு செம்புக் கம்பி,
மயிரிழை அளவு,
யாரோ வேண்டுமென்றே நுழைத்தது.
யாரோ என்ன, ஹ்லாடுன்தான்.
பெட்ரோல் மிச்சம் பிடிக்க
நாற்பது வருடம் ஒரு டிரக்கைத் தாகத்தோடு ஓட்டியிருக்கிறான்.
ஹாக்கித் திடலுக்கு ஊருக்கு நிலம் கொடுத்தவனும்
இதே மனுஷன்தான்.
கம்பியை உறைக்குள் போட்டுப் பெயர் எழுதிவைத்தேன்.
எறிய மனம் வரவில்லை.

பிறகு கிண்ணத்தைக் கவிழ்த்தேன்.
ஒரு எஃகுக் குண்டு விழுந்தது,
கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது.
மேசையில் ஒரு துள்ளல், தரையில் ஒரு துள்ளல்,
அப்புறம் அவசரமே இல்லாமல்,
வழி தெரிந்த ஆள் மாதிரி
வடக்குச் சுவரைப் பார்த்து உருண்டது.

பதினோரு வருடமாகக் கார்த் சொல்கிறான்
வீடு வடக்கே இறங்குகிறதென்று.
இறங்குவது உன் முட்டி என்பேன்.
கதவு இடித்தால், ஈரம்.
பூச்சு வெடித்தால், மட்டமான பெயிண்ட்.
குண்டு குளிர்ப்பெட்டிக்கடியில் போய்
டக்கென்று நின்றதை
இரண்டு பேரும் கேட்டோம்.
அவன் சிரித்திருக்கலாம்.
சிரிக்கவில்லை.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து நகர்த்தினோம்.
முளைவிட்டுக் காய்ந்த பூண்டுப் பல்.
சட்டைப் பொத்தான்.
ஏழு வயதில் ரெனே விழுங்கிவிட்டேன் என்று சத்தியம் செய்ததால்
பனிப்புயலில் யார்க்டன் வரை
எழுபது கிலோமீட்டர் நாங்கள் ஓட்டிச்சென்ற
அந்தக் கால் டாலர் நாணயம்.
சுவரும் தரையும் சேரும் இடத்தில்
விரல் நுழையும் பிளவு.
அதன் வாயில் குண்டு.

குளிர்ப்பெட்டிக் கதவிலிருந்த தக்காளிக் காந்தத்தால்
கார்த்தான் அதை எடுத்தான்.
என் உள்ளங்கையில் வைத்தான்.
"ரெனேவுக்கு போன் பண்ணு" என்றான்.
"இருபது வருஷமாச்சு" என்றேன்.
"இருந்தாலும்" என்றான்.

மூன்று நாளில் மைனஸ் பதினாறுக்கு ஏறியது,
எங்கள் பக்கம் அதற்குப் பெயர் வெயில்.
முதல் தடவை, ஒன்றுமில்லை.
இரண்டாவதற்கு இருமிய இருமலில்
நாய் ஓடியே போய்விட்டது.
மூன்றாவதற்குப் பிடித்துக்கொண்டது,
கரகரத்து, தள்ளாடி,
ஆனால் பிடித்துக்கொண்டது.
பெடலை மிதித்தேன்.
மணமணக்க ஒரு மடக்குக் குடித்து
தயக்கமில்லாமல் உறுமியது.
குண்டு அதன் இடத்தில் இருக்கிறது.

கார்த் இருக்கைக்குப் பின்னாலிருந்து ஜாக்கை உருவினான்,
எலி முடியைத் தட்டினான்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
வீட்டுக்கடியில் தவழ்ந்து நுழைந்தான்.
பூட்ஸ் மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது.

நான் இன்ஜினை அணைக்கவில்லை.
ஸ்க்ரூடிரைவரைத் திருகில் வைத்து
கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஒன்றரைச் சுற்று என்கிறது கிட்டோடு வந்த தாள்.
இன்னும் ஒரு கால் கேட்கிறது இது.